பரிசீலனையில் உள்ளது

வியாழன் இரவு பதினொன்றே காலுக்குப்
பணம் எடுக்கும் பொத்தான் சாம்பல் நிறமானது.
அழுத்தினேன்.
பகலெல்லாம் இஸ்திரிப்பெட்டியை அழுத்துகிற
அதே கட்டைவிரலால் மறுபடியும் அழுத்தினேன்.
"தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது."
தங்கள் என்கிறது.
ஃபஹாஹீலுக்கு வந்த ஒன்பது வருடத்தில்
என்னை யாரும் தங்கள் என்றதில்லை.

உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு தினார்.
இரண்டரை மாதச் சம்பளத்துக்கும் கொஞ்சம் மேலே.
அதில் எண்பதுதான் ஜெயித்தது,
மிச்சம் நானே போட்டு, நானே தோற்று,
நானே மீட்டது.
இதை வெற்றிக் கணக்கில் எழுதினால்
லியோன் சிரிப்பான்.

மேல்கட்டிலில் புரள்கிறான் லியோன்.
அவனுக்குப் பணம் உள்ளே போவதே நின்றுவிட்டது.
முதலில் வங்கி அட்டை மறுத்தது,
அப்புறம் செயலி,
கடைசியில் பக்காலாக்காரர் குஞ்ஞுமோனும்.
ரொக்கத்தை வாங்கிக்கொண்டு போனில் ஏற்றித் தந்தவர்,
நமக்கெதுக்கு வம்பு என்று
தயிர் டப்பாக்களை அடுக்கப் போய்விட்டார்.

ஊரில் தடை என்கிறார்கள்.
தடைக்கே தடை கேட்டிருக்கிறார்கள் என்கிறார்கள்.
ஆடுவது திறமையா அதிர்ஷ்டமா என்று
கறுப்பு அங்கி போட்டவர்கள்
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.
என்னைக் கேட்டிருக்கலாம்.
ஜெயித்த ராத்திரியில் திறமை.
தோற்ற ராத்திரியில்
அடுத்த ராத்திரி.

இங்கே எப்போதுமே கூடாது.
தெரிந்துதான் போர்வைக்குள் ஆடினோம்,
ஒலியை அணைத்துவிட்டு,
இஸ்பேடு ராணியின் வெளிச்சம் மூக்கில் விழ.

உதவி எண்ணில் ஒரு பெண்பெயர் எழுதுகிறது:
அடையாள அட்டையின் இருபுறமும் அனுப்பவும்.
எந்த நாட்டிலிருந்து ஆடினீர்கள்?
பணம் வந்த வழி என்ன?
சட்டைகளிலிருந்து, அம்மா.
ஒரு சட்டைக்கு ஐந்து நிமிடம்,
காலருக்குத் தனியாகக் கொஞ்சம் ஆவி.
அட்டையைப் படமெடுத்தேன். அனுப்பவில்லை.
அந்தப் படத்தில் நான்
பணம் கேட்கிறவன் மாதிரி இல்லை,
மாட்டிக்கொண்டவன் மாதிரி இருந்தேன்.

புகார் கொடுத்தால்
ஒரே தாளில் என் பெயர் இரண்டு இடத்தில் வரும்.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என்பார்கள்.
அந்தத் திருடனை நினைத்து
நானும் சிரித்திருக்கிறேன்.
இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது:
எந்த விரலில் கொட்டியது,
யார் வீட்டுப் பரண்,
உதட்டைக் கடித்துக்கொண்டு
எவ்வளவு நேரம் இருட்டில் நின்றான்?

இன்று காலை ஒரு டிஷ்டாஷாவின் பையில்
ஐந்து தினார் நனைந்து ஒட்டிக்கிடந்தது.
இளஞ்சூட்டில் மடிப்பெடுத்து
ரசீதோடு குத்தி மாட்டினேன்.
ஒன்பது வருடமாக அப்படித்தான்.
யார் பணமும் என் கையில் தங்கியதில்லை.
என்னுடையதும்.

சம்பளம் வந்தது. போட வழியில்லை.
எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நின்று
நூற்றைந்தை ஊருக்கு அனுப்பினேன்.
வழக்கமாக அறுபது.
பத்து நிமிடத்தில் கோமளவல்லி கூப்பிட்டாள்.
குரல் நடுங்கியது.
"கூட வந்திருக்கு. யார்கிட்ட வாங்குனீங்க?"
சம்பளம்தான் என்றேன்.
"சத்தியமா?"
சத்தியம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் நின்ற வங்காளி
முதுகில் தட்டி நகரச் சொன்னான்.

லியோனுக்கு மங்காஃபில் ஒருவன் கிடைத்துவிட்டான்.
நூற்றுக்குப் பதினைந்து பிடித்துக்கொள்வானாம்,
எழுத்து கிடையாது, பேர் கிடையாது.
சட்டை மாட்டிக்கொண்டே கேட்கிறான்,
வர்றியா?

ஜன்னலில் சுத்திகரிப்பு ஆலையின் தீ
நெட்டுக்குத்தாக எரிகிறது.
உள்ளே வைத்திருந்தால் வெடிக்கும் வாயுவாம்.
எரித்துவிடுவதுதான் பாதுகாப்பாம்.
செருப்பைத் தேடுகிறேன்.
ஒன்றுதான் கிடைத்தது.
மற்றொன்றைத் தேடக் குனியும்போது
போனின் வெளிச்சம்தான் இருக்கிறது கையில்.
சாம்பல் பொத்தானை
ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன்.