உலர் எடை

ஆறு மணிக்கும் முப்பத்தாறு டிகிரி.
வெட்டிங்கின் இந்தத் தெருவில்
தார் என் செருப்பை ஒரு கணம் பிடித்துவைத்துத்தான் விடுகிறது.
பச்சை இரும்புக் கைப்பம்பில்
முதல் பதினேழு அடிக்கு வெறும் இருமல்.
பதினெட்டில் துருவாடையோடு வருகிறது தண்ணீர்.
'குடிப்பதற்கு அல்ல' என்ற தகட்டின் மேல்
போன வருட சர்க்கஸின் யானை பாதி கிழிந்து நிற்கிறது.

எங்கள் மரத்துக்குப் பெயரில்லை, எண் நாற்பத்தொன்று.
லிண்டன். நட்டு இரண்டு கோடை.
மூன்று முட்டுக்கழிகளுக்கு நடுவே
எலும்பு முறிந்தவனைத் தாங்கி நிறுத்தியதுபோல.
ஜூலையிலேயே இலையோரம் பழுத்து
தொட்டால் அப்பளச் சத்தம்.

நெர்மின் கொண்டுவருவது ஆலிவ் வந்த வாளி.
எத்தனை கழுவியும் உப்புவாடை போகாததால்
அதை மரத்துக்குத் தரக்கூடாது என்று
ஒரு வாரம் வாதாடினான் தோர்பென்.
அவனுடையது குழந்தை வண்டி,
குழந்தை இடுப்பில், வண்டியில் நான்கு கேன்.
தினம் ஒரு குவளை ஊற்றினால்
வேர் சோம்பேறியாகி மேலேயே படுத்துக்கொள்ளுமாம்.
வாரம் ஒருமுறை, ஒரே மூச்சில், நூறு லிட்டர்.
ஆனைப் பசிக்குச் சோளப்பொறி போடாதே
என்பதைத்தான் ஜெர்மனில் சொல்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
பகலெல்லாம் நான் சொல்வது இதற்கு நேர் எதிர்:
ஒரு மிடறு போதும், ஹெர் ப்ரெட்லோ.
சூப்பும் தண்ணீர்தான். தர்பூசணியும் தண்ணீர்தான்.
நாக்கு வறண்டால் ஒரு பனிக்கட்டி, ஒன்றே ஒன்று.
டயாலிசிஸ் பிரிவில்
மனிதர்களிடமிருந்து தண்ணீர் எடுப்பது என் வேலை.
தராசில் ஏற்றுவேன்,
உலர் எடையைக் கழிப்பேன்,
மிச்சம் எவ்வளவோ அவ்வளவையும்
நான்கு மணி நேரத்தில் இறக்குவேன்.
உலர் எடை:
உபரித் தண்ணீர் இல்லாமல் ஓர் ஆள் எவ்வளவோ, அது.
ஹெர் ப்ரெட்லோ அறுபத்தெட்டு கிலோ.
லிஃப்ட் பழுதுபார்த்தவர்.
நாற்பத்தொன்றுக்கு நேர்மேலே, மூன்றாம் மாடி.

'நேற்று நூற்று நாற்பது முறை அடித்தாய்,
ஜன்னலில் எண்ணிக்கொண்டிருந்தேன்' என்பார்.
'தூங்கலாமே' என்பேன்.
'தாகத்தில் யாருக்குத் தூக்கம்?
எனக்கும் தண்ணீர் காட்டுகிறாய், மூன்று மாடி தள்ளி.'
அவர் சொன்னது வேறு சொற்களில்.
தமிழில் கேட்டது என் காது.

சனிக்கிழமை இறங்கி வந்துவிட்டார்.
அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை.
இடக்கையில் நான் ஊசி ஏற்றும் நரம்பு
புடைத்துத் துடிப்பதை மறைக்க.
வலக்கையைப் பம்பில் வைத்தார்.
அறுபது, எழுபது, நிற்கவில்லை.
மரத்தைச் சுற்றிக் கட்டிய பை நிறைந்து
அடித்துளைகளில் கசியத் தொடங்கியது,
சொட்டுச் சொட்டாக, என் மெஷின்போலவே மெதுவாக,
எதிர்த்திசையில்.

நெர்மினுக்கு ஒன்றும் தெரியாது.
பையிலிருந்து எடுத்து நீட்டினாள்,
வெளியெல்லாம் வியர்த்திருந்த அய்ரான் புட்டி.
அவர் என்னைப் பார்த்தார்.
எனக்கு அன்று விடுமுறை.
குனிந்து ஆலிவ் வாளியின் கைப்பிடியைச் சரிசெய்தேன்,
அதில் சரிசெய்ய எதுவும் இல்லை.
தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும் சத்தம்.
பிறகு மூடி திருகும் சத்தம்.
மிச்சத்தைப் பிடரியில் அழுத்தி வைத்திருந்து
குளிர் போனதும் திருப்பிக் கொடுத்தார்.

திங்கள் காலை தராசு எழுபத்தொன்று காட்டியது.
'மூன்று கிலோ' என்றேன்.
'அதில் அறுபது கிராம் அந்த அம்மாளுடையது,
தனியாக எழுது.'
எழுத அப்படியொரு கட்டம் படிவத்தில் இல்லை.
ஊசிக்கு இடம் தடவும்போது கேட்டார்:
'நாற்பத்தொன்றுக்கு?'
'நூறு.'
கண்களை மூடிக்கொண்டார்.
நூறு, என்றார்,
பனிக்கட்டியை அதக்கியதுபோல
அந்தச் சொல்லை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு
மெல்ல மாற்றியபடி.