உதடு மூடும் இடங்கள்

மூன்று சீசன். ஓர்சாவுக்கு ஹெப்சிபா பேசினாள்,
டெமினுக்கு நான்.
கப்பலைக் கட்டியவள் டெமின். கப்பலோ
ஓர்சாவின் குரலுக்கு மட்டும் கதவு திறக்கும்.
"ஒவ்வொரு திருகும் நான் முடுக்கியதுடி" என்று
முதல் பாகத்திலேயே கத்தவேண்டியிருந்தது.
ஒரே டேக். கண்ணாடிக்கு அப்பாலிருந்து பரேஷ் கைதட்டினான்.
ஓர்சாவாகப் பேசிக்காட்டிவிட்டுப் பதினோரு நாள்
போனையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான் என்று
அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டாம் சீசனில் ஓர்சாவின் விண்ணுடையில்
ஊசித்துளை போட்டேன்.
காற்றில்லாத வெளியில் அவள் இருமியதை
ஹெட்போனில் இரண்டு முறை ஓட்டிக் கேட்டேன்.
ஒருமுறை போதும் வேலைக்கு.

அந்தேரியில் அந்த ஸ்டுடியோ, டயர்க் கடைக்கு மேலே.
அவளுக்குக் காலைப் பத்து மணி, குரல் பூத்திருக்கும் வேளை.
எனக்கு இரண்டு மணி; சாப்பாடு தொண்டையில் நிற்கும்.
உள்ளே போனால்
மைக் நாலு விரற்கடை உயரத்தில் இருக்கும்.
இறக்குவேன். மறுநாள் ஏறியிருக்கும்.
நாங்கள் நேராகப் போட்ட சண்டை அவ்வளவுதான்.
மற்றதெல்லாம் தளவாய் எழுதிக் கொடுத்தது.

கடைசிப் பாகம்.
பனி நிலவில் ஒரு பள்ளம், இரண்டு பேர்,
ஒரே ஒரு பிராணவாயுக் குழாய்.
மூச்சின்மேல் மூச்சு விழுவதால்
இருவரும் சேர்ந்து நின்றால்தான் ஆகும் என்றான் பரேஷ்.
அன்றுதான் அவளைப் பக்கத்தில் பார்த்தேன்.
ரெயின்கோட்டை மடித்து வைத்தாள். இஞ்சி மிட்டாய் நீட்டினாள்.
வேண்டாமென்றேன்.

டெமின் ஓர்சாவிடம் ஒரு சொல் சொல்கிறாள்.
மூலத்தில் அது என்ன பாஷையோ,
அவள் வாய்தான் எனக்குக் கணக்கு.
உதடு மூடுகிறது, குவிகிறது, அகலத் திறக்கிறது,
மறுபடி மூடித் திறக்கிறது.
தளவாய் எழுதியிருந்தது: மன்னிச்சிடு.
"பைட் நஹீ ரஹா" என்றான் பரேஷ்.
முதலில் மூடும் உதடு, பிறகு மூடவே இல்லை.
பரவாயில்லை என்று பார்த்தோம். அதுவும் ஒருமுறைதான்.
கோபமில்லை. தொடக்கத்திலேயே வாய் திறந்துவிடுகிறது.
சயானிலிருந்து தளவாய் போனில் சொன்னவை எல்லாம்
நல்ல சொற்கள்.
ஒன்றும் அந்த வாய்க்குள் போகவில்லை.
ஏழாவது டேக். எட்டாவது.

"பொறாமைன்னு வெச்சுப் பாருங்க மேடம்" என்றாள் ஹெப்சிபா,
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.
பொ. றா. மை.
அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி உட்கார்ந்தது.

சொல்ல வேண்டியது நான்.
நடுவாக நின்ற மைக்குக்கு அவள் குனிந்திருந்தாள்,
நான் குதிகாலைத் தூக்கியிருந்தேன்.
சொன்னேன்.
அடுத்து ஓர்சாவுக்கு வசனமில்லை,
ஒரு மூச்சு மட்டும். விட்டாள்.
என் கன்னத்தில் இஞ்சி மணந்தது.

டீ குடிக்கும்போது சொன்னாள்:
"நீங்க பேசும்போது காதுல நான் இருப்பேன் மேடம்.
நான் பேசும்போது யாருமே இல்ல.
புரியாத பாஷையில அந்தப் பொண்ணு மட்டும்.
நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னு
டிவியில வந்த பெறவுதான் தெரியும்.
ரெண்டு மணி ஸ்லாட்டை எனக்குக் குடுங்கன்னு
ரெண்டு தடவை கேட்டேன்."
டம்ளரின் அடியில் கிடந்த தூளைப் பார்த்தேன்.
பாகத்துக்கு அவளுக்கு எண்ணூறு ரூபாய் அதிகம் என்று கேள்வி.
அதையும் கேட்டுவிடலாம்போல் இருந்தது. கேட்கவில்லை.

மழை. அந்தேரி ஸ்டேஷன்.
அவளுக்கு நாலாசோபாரா, எனக்குக் கிங்ஸ் சர்க்கிள்;
வேறு வேறு நடைமேடை.
தண்டவாளத்துக்கு அப்பாலிருந்து ஏதோ சொன்னாள்.
எங்களுடையது இல்லாத மூன்று பாஷையில்
தலைக்குமேல் ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது.
உதடு மட்டும் தெரிந்தது.
மூடியது, திறந்தது, மறுபடி மூடியது.
மேடம் என்றிருக்கலாம்.
ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பார்த்தேன்;
மாஹிம் தாண்டியும்
இரண்டு மூன்று பொருந்திக்கொண்டே வந்தன.