நாற்பத்தோராயிரத்து ஆறு

கிளைபேடா துறைமுகம், ஏழாம் கிடங்கு, மாடி.
என் திரையில்
அறுபதாயிரம் பச்சைப் புள்ளிகள்.
ஒவ்வொன்றும் ஒரு மீன்பெட்டி:
நீல பிளாஸ்டிக், சுற்றிலும் துளைகள்,
அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு சில்லு.

படகில் நிரம்பும். சந்தையில் காலியாகும்.
நீராவியில் குளித்துவிட்டு
மறுபடி படகேறும்.
நூற்றிருபது சுற்று சுற்றினால்தான்
பிறந்த கடன் தீரும் என்பாள் ஜோவிதா.
கடன் என்று அவள் சொல்வது
அதை வார்த்தெடுக்க எரித்த எண்ணெயை.

சுற்று நின்றால் புள்ளி சிவக்கும்.
நாற்பத்தோராயிரத்து ஆறு
மார்ச் மாதம் சிவந்தது.
முப்பத்தெட்டு சுற்று முடித்திருந்தது.
பதினோரு நாளாக ஒரே இடம்,
காயலின் கரையில்
தார்ச்சாலை முடிந்து நாணல் தொடங்கும் முனை.

போய் எடுத்து வா என்றது கணினி,
அதாவது ஜோவிதா.
பெட்டி விலை ஒன்பது யூரோ.
போக வர டீசல் பதினேழு.
இந்தக் கழித்தலை
நான் அவளிடம் போட்டுக் காட்டவில்லை.

ஸ்டிந்தா மீன் பருவம்.
வழிநெடுக வெள்ளரிப்பிஞ்சு வாசம்;
அந்த மீனின் மணமே அப்படி.

முனையில் ஒரு தகரக் கொட்டகை,
வீட்டுயரத்துக்கு வலைகள்.
மீனுக்கல்ல, வானத்துக்கு விரித்தவை.
வைதோடஸ் என்று ஒருவர் வெளியே வந்தார்.
கைகுலுக்க முடியவில்லை, கைக்குள்
தலை மட்டும் நீட்டியபடி ஒரு குருவி.

என் பெட்டி மேசைமேல் இருந்தது.
உள்ளே பதினாறு துணிப்பைகள்.
ஒவ்வொன்றும்
மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"புயலன்று கரையொதுங்கியது.
காற்று புக இதைவிட நல்ல துளை
நான் போட்டாலும் வராது."

கைபேசியில் நிலையைப் பதியப் போனேன்.
திரும்பியது. உடைந்தது.
தொலைந்தது. திருடப்பட்டது.
நான்கே நான்கு கட்டம்.
விரல் அந்தரத்தில் நின்றது.

அவர் இடுக்கியால்
நகத்தைவிட மெல்லிய காலில் வளையம் பூட்டி
எண்ணை உரக்கப் படித்தார்.
வளையம்.
எங்கள் மென்பொருளின் பெயரும் அதுதான்.

திரும்பி வருமா?

"ஆயிரத்தில் மூன்று வந்தால் பெரிது."

மற்றவை?

"இருக்கும், எங்காவது.
கண்டவர்கள் எழுதுவார்கள்.
எகிப்திலிருந்து ஒரு கடிதம் வந்தது,
உப்பளத்துக் கூலியாள்.
எண்ணை மட்டும் எழுதியிருந்தார்.
வேறு ஒரு சொல் இல்லை."

அறுபதாயிரம் புள்ளிகளை
இரவும் பகலும் பார்க்கிறேன்.
ஒன்றிடமும் நான்
எங்கே போயிருந்தாய் என்று கேட்டதில்லை.
ஏன் வரவில்லை என்றுதான்.

"எடுத்துக்கொள்ளுங்கள்.
பைகள் காலியாகும்வரை மட்டும் பொறுங்கள்."

பொறுத்தேன்.
பதினாறாவது பையில் இருந்தது
என் கட்டைவிரலைக் கொத்திவிட்டுப் போனது.
பெட்டி காலி.
காரின் பின்கதவும் திறந்துதான் இருந்தது.

அதை மூடிவிட்டு
அவர் கைபேசியில் எங்கள் செயலியை ஏற்றினேன்.
நிரம்பும்போது ஒரு முறை,
காலியாகும்போது ஒரு முறை காட்டுங்கள்,
அது ஒரு சுற்று.
மின்கலம் தீர்ந்ததும்
உருக்காலைக்கு நானே கொண்டுவருவேன் என்று
பறவைப் பட்டியலின் பின்பக்கம்
பென்சிலால் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார்.

திங்கட்கிழமை புள்ளி பச்சை.
முப்பத்தொன்பது. நாற்பது.
புதன்கிழமை மட்டும் ஐந்து சுற்று;
தெற்குக் காற்றாம்.

"எந்தப் படகு இது, இந்த ஓட்டம் ஓடுகிறது?"
ஜோவிதா கேட்டாள்.

படகின் பெயர், கட்டாயக் கட்டம்.
வெற்றாக விட்டால் திரை நகராது.
அதில் ஏதோ எழுதினேன்.
என்னவென்று இங்கே சொல்வதாயில்லை.
தணிக்கைக்கு வருகிறவர்கள்
பார்த்துக்கொள்ளட்டும்.