அரைவட்டம்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு
கோயில் அடுப்பைப் பற்றவைப்பது என் வேலை.
வெளியே இரவுதான்.
டிசம்பரில் எங்கள் தீவுக்குச் சூரியன் வருவதில்லை;
பதினொரு மணிக்குத் தெற்கே
மீன் செவுளின் நிறத்தில் ஒரு கீற்று,
அவ்வளவே.

திங்கட்கிழமை வாக்களித்திருந்தோம்,
ஐரோப்பாவோடு சேர வேண்டுமா, வேண்டாமா என்று.
நார்வே வேண்டாம் என்றது.
தீவு அதைவிட உரக்கச் சொன்னது.

எய்லர்ட் அன்றிரவே படகின் கொடிமரத்தில்
விளக்குச் சரம் கட்டினான்.
கடைவாசலில் நின்றவர்களுக்கெல்லாம் காபி வாங்கித் தந்தான்,
"நம் கடல் நம்மிடமே" என்று.
மீன் பதனிடும் கூடத்து முதலாளி டோர்குன்
ஜனவரி முதல் இரண்டாம் ஷிஃப்ட் கிடையாது என்று
கதவில் காகிதம் ஒட்டினாள்.
பதினேழு பேர்.
அதில் என் தங்கை மகன் ஒருவன்.

காலையில் அந்தக் காகிதத்தின் மேல்
யாரோ மீன்குடலை வீசியிருந்தார்கள்.
வீசியது எய்லர்ட் அல்ல.
அந்த வழியாகத்தான் படகுக்குப் போனான்,
துடைக்கவும் இல்லை.

நான் எதற்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள்.
இடுப்பில் கோயில் சாவி தொங்குகிறது,
இன்னொன்று தொங்க இடமில்லை என்பேன்.
உண்மையில் பயம்.

எங்கள் பலிபீடத்தைச் சுற்றியுள்ள மரக்கிராதி
முழு வட்டமல்ல, பாதி.
மீதிப் பாதி சுவருக்கு அப்பால்
கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது என்பார்கள்.
நாம் இந்தப் பக்கம் மண்டியிட
இறந்தவர்கள் அந்தப் பக்கம்.
ஒரே பந்தி.

எழுபத்திரண்டிலும் இதே கேள்வி வந்தது.
டோர்குன்னின் அப்பா ஹில்மார் வேண்டாம் என்றார்.
எய்லர்ட்டின் அப்பா ஆர்ன்ட் வேண்டும் என்றார்.
ஆமாம், அப்படித்தான், தலைகீழாக.
இப்போது அடுத்தடுத்த குழிகளில் படுத்திருக்கிறார்கள்,
நடுவே ஒரு முழம் மண்.
வாதம் முடிந்ததோ என்னவோ.
பனி கொட்டினால்
இரண்டு கல்லையும் ஒரே துடைப்பத்தால் பெருக்குகிறேன்.

இரண்டாவது மெழுகுவர்த்தி ஏற்றிய ஞாயிறு.
டோர்குன் இடது முனையில் மண்டியிட்டாள்.
எய்லர்ட் பிந்தி வந்தான்.
கிராதியில் மிச்சமிருந்தது
யாரும் வேண்டாமென விட்ட ஒரே இடம்,
அவள் பக்கம்.

அவன் நின்றான்.
ஆர்கன் வாசிக்கும் மாக்ன்ஹில்ட்
கண்ணாடியில் அதைப் பார்த்திருக்க வேண்டும்;
பாட்டில் இல்லாத ஒரு வரி
அன்று நீண்டது.

மண்டியிட்டான்.
அப்பம் வந்தது, கிண்ணம் வந்தது.
அவன் உதடு பட்ட விளிம்பைப் போதகர் துணியால் துடைத்து
சற்றே திருப்பி அவளிடம் நீட்டினார்.
குடித்தாள். முகம் சுளித்தாள்.
புளித்தது திராட்சரசமோ, அவனோ,
எனக்குத் தெரியாது.

அவனுடைய வலது முழங்கால்
ஒரு குளிர்காலத்தில் வலைச்சக்கரத்தில் நசுங்கியது.
மடங்கும், தானாக நிமிராது.
எல்லோரும் எழுந்தார்கள்.
அவன் கிராதியைப் பிடித்துத் திணறினான்.

டோர்குன் அவனைப் பார்க்கவில்லை.
எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே
முழங்கையை மட்டும் நீட்டினாள்,
கதவின் கைப்பிடி போல.
மொத்த எடையையும் அவன் அதில் போட்டான்.
அவள் அசையவில்லை.

வாசலில் மறுபடி தொடங்கியது.

"பதினேழு குடும்பம், எய்லர்ட்."
"வெளிநாட்டு வலைகள் வந்திருந்தால் எழுபது."
"உனக்குக் கணக்கு வராது."
"உனக்குக் கடல் வராது."

ஒருவர் குரலும் தாழவில்லை.
படியெல்லாம் கண்ணாடி போல உறைந்திருந்ததால்
கையை எடுக்கவும் வழியில்லை;
கத்திக்கொண்டே, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டே
ஒன்பது படியும் இறங்கினார்கள்.

உப்பு தூவுவதும் என் வேலைதான்.
அன்று மறந்துவிட்டேன் என்றே
போதகரிடம் சொல்லியிருக்கிறேன்.