ஒண்டா, ரெண்டா

பகல் முழுக்க வெள்ளவத்தைக் கடையின் இருட்டறைக்குள்
ஒரே கேள்விதான் கேட்பேன்.
ஒண்டு தெளிவா, ரெண்டு தெளிவா?
ஒரு வில்லை விழும், ஒரு வில்லை எழும்.
தெரியாதவர்களும் எனக்காக
ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்.

நாலரைக்கு என் முறை முடிகையில்
கல்கிசையில் சோளகம் பதினாறு நொட்.
கட்டிலுக்கு அடியில் இரண்டு ஃபொயில்:
எண்ணூறு என்னுடையது,
ஆயிரத்து நானூறு தெவிந்தவின் இரவல்.
சதுர சென்ரிமீற்றரில் அளந்த செட்டைகள்.

எண்ணூறு வந்த கதை வெட்கக்கேடு.
தொலைபேசியில் விற்பனைக்காரன் எடை கேட்டான்.
ஐம்பத்தெட்டு என்றேன்.
அவன் துபாயிலோ எங்கேயோ இருந்தான்,
என் முகத்தை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை,
ஆனாலும் ஐம்பத்தெட்டு என்றேன்.
குளியலறைத் தராசு அறுபத்தைந்து காட்டிய மாதம் அது.
மிதவைச் சட்டையையும் நனைந்த துணி குடிக்கும் தண்ணீரையும்
நான் சேர்க்கவேயில்லை.

விங் பிடித்த நாட்களில் பொய் வெளியே வரவில்லை.
ஐந்து மீற்றர் காற்றுப்பை,
கச்சான் ஒருமுறை ஓங்கினால் தோளோடு தூக்கி நிறுத்தும்.
போன மாதம் பாராவிங் வாங்கினேன்.
உள்ளங்கைக்குள் சுருங்கும் துணி, மெல்லிய கயிறுகள்.
இழுக்கும், தூக்காது.
தூக்க வேண்டியது கீழே,
கலங்கிய தண்ணிக்குள் கிடக்கிறது.

எண்ணூறில் முழங்காலிட்டேன், எழும்பினேன்,
பம்ப் பண்ணினேன், பம்ப் பண்ணினேன், விழுந்தேன்.
தெகிவளை வரை மிதந்துபோய்
தண்டவாளத்தோரம் சுமந்து திரும்பினேன்.
பாணந்துறைக் கோச்சியின் மிதிபலகையில் தொங்கிய ஒருவன்
சிங்களத்தில் கத்திக் கேட்டான்,
பற்றரி முடிஞ்சுதா என்று.

அடுத்த நாள் ஆயிரத்து நானூறு.
நாலு பலகை நீளம் ஓடுமுன் எழுந்துவிட்டேன்.
துணியைக் கசக்கி இடுப்புப் பையில் திணித்துவிட்டு
வெறுங்கையோடு அலையின் தோளில் நின்றேன்.
காற்றும் வேண்டாம், கயிறும் வேண்டாம்,
கரையில் ஹோட்டல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய
ஒரு சத்தமும் இல்லை.
பிறகு அலை வேகம் பிடித்தது.
பெரிய செட்டைக்கு அது பொறுக்காது.
மேலே, இன்னும் மேலே என்று தள்ளியது.
முன்காலில் அறுபத்தைந்தையும் இறக்கிப் பார்த்தேன்,
அடங்கவில்லை.
நீரைக் கிழித்து வெளியே வந்து
என்னை உதறிப் போட்டது.

எழும்பப் பெரிது வேணும், ஓடச் சிறிது வேணும்.
நடுக்கடலில் ஆணி கழற்றி மாற்ற ஏலாது.

ஆயிரத்து ஐம்பது எடு என்றான் தெவிந்த,
நீளமாய், ஒடுக்கமாய்.
நிஹாரா தன் எடையை பஸ்ஸிலும் சத்தமாகச் சொல்வாள், எழுபத்தொண்டு.
தொள்ளாயிரத்து எண்பதே அவளுக்குப் போதும்,
ஆனால் அவளுடையது நீச்சல்காரித் தொடை.
யாரைக் கேட்டாலும்
தங்கள் உடம்பைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

இன்று நூறாம் நம்பர் பஸ் கொண்டக்டர் ஒருவர்
நாற்காலியில் சாய்ந்து நெடுநேரம் யோசித்தார்.
"ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கு, மிஸ்."
மன்னிப்புக் கேட்கிற குரல்.
அந்தப் பதில் வந்தால் நிறுத்து என்றுதான்
எங்களுக்குப் படிப்பித்தது.

அவருக்கான எண்களைக் குறித்துவிட்டு
அதே பேனையால் என் கட்டளைப் படிவத்தை நிரப்பினேன்.
ஆயிரத்து ஐம்பது.
எடை என்ற கட்டத்தில் அறுபத்தைந்து.
வெட்டிவிட்டு, ஈரச் சட்டையோடு, அறுபத்தெட்டு.

வெளியே பெயர்ப்பலகை அடித்துக்கொள்கிறது.
இருபத்துநாலு நொட் இருக்கும்,
விங்குக்கும் எண்ணூறுக்கும் அளந்து தைத்த காற்று.
மணி இரண்டு.
வாங்கில் இன்னும் மூன்று பேர்.