வாடை

எதெல்மிரா கேட்டது ஒரு பூனைக்குட்டி.
நான் கேட்டது,
நாய்களைக் கேட்டாயா?

லெங்காவுக்குப் பதிமூன்று வயது.
ஒரு கண்ணில் பால் கலந்துவிட்டது.
கபோவுக்கு மூன்று. அறிவு இன்னும் வழியில் இருக்கிறது.
ஆடு மேய்த்த பரம்பரை,
ஓடுவது எதுவானாலும் அவனுக்கு ஆடு.
சைக்கிள் ஆடு.
காற்று தூக்கிப்போகும் பிளாஸ்டிக் பை ஆடு.
பூந்தா அரேனஸில் காற்று ஓயும் நாட்களை
விரல்விட்டு எண்ணலாம்,
கையுறையைக் கழற்றாமலே.
ஆகவே கபோவுக்கு லீவு கிடையாது.

தானிட்சா தன் கார் ஷெட்டில்
பூனைகளை வைத்திருக்கிறாள்.
கேள்வி கேட்பதில் சுங்க அதிகாரி.
சன்னலுக்கு வலை உண்டா.
நீங்கள் இருவரும் சத்தமாகச் சண்டை போடுவீர்களா.
வேறு பிராணிகள்?
சொன்னோம். பேனா நின்றது.

முதல் சனிக்கிழமை ஒரு வரிக்குட்டி.
கபோவைக் கண்டதும் கூரைச் சட்டத்துக்கு ஏறியது.
இறக்குவதற்கு ஏணியும்
ஒரு டப்பா சூரை மீனும் ஆயிற்று.
அடுத்த சனிக்கிழமை ஒரு கறுப்பு.
அது ஏறவில்லை.
கபோவின் மூக்கில் கோடு கிழித்துவிட்டு
உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டது.
அழுதான் கபோ,
நாற்பது கிலோவும் குலுங்க.

"ஆளை அப்புறம் காட்டலாம்,
முதலில் வாடையைக் காட்டு" என்று
குட்டிகள் படுக்கும் குவியலிலிருந்து
ஒரு பச்சைக் கட்டம் போட்ட கம்பளித் துண்டை
ரொட்டிப் பையில் முடிந்து கொடுத்தாள் தானிட்சா.

கபோ மோந்தான், மறந்தான்.
சோற்றுக்கன்றி எழாத லெங்கா
எழுந்து வந்தாள்.
பல் படாமல், உதட்டால்,
முட்டையைத் தூக்குவதுபோல் தூக்கித்
தன் படுக்கைக்குப் போனாள்.
மூன்று சுற்று. பிறகு அதன்மேல் தாடை.
நான் கை நீட்டினேன்.
பதிமூன்று வருடத்தில் முதல்முறையாக
எனக்கு ஓர் உறுமல்.

எதெல்மிரா அதற்குள் போனை எடுத்திருந்தாள்.
பச்சைக் கட்டத்தில் படுத்திருந்தது யார்?
அந்தப் பக்கம் நோட்டுப் புரளும் ஓசை.
சாம்பல் குட்டி. வால் நுனி வளைந்தது.
செவ்வாய்க்கிழமையே போய்விட்டதே,
நீரிணைக்கு அந்தப் பக்கம், பொர்வெனீருக்கு,
ஒரு ரொட்டிக்காரர் வீட்டுக்கு.

செவ்வாய்க்கிழமை ஃபெர்ரியில் எனக்கு வேலை.
அலை மேல்தளத்தைக் கழுவிய நாள் அது.
மாவு படிந்த கோட்டு போட்ட ஒருவர்
துளையிட்ட செருப்புப் பெட்டியை என்னிடம் நீட்டி
கொஞ்சம் பிடியுங்கள் என்றார்.
முழங்காலில் வைத்துக்கொண்டேன்.
உள்ளே ஏதோ பிராண்டியது.
கோழிக்குஞ்சா என்று கேட்டேன்.
காற்று அவர் பதிலை எடுத்துக்கொண்டது.

அன்றிரவு லெங்கா
என் முழங்காலை வெகுநேரம் மோந்தாள்.
மதியம் தின்ற ஆட்டுக்கறி என்று நினைத்தேன்.
கடலில் வாடைக்குத் திசை உண்டு.
வீட்டில் வாடைக்கு மூக்கு உண்டு.
இதை எதெல்மிராவிடம் நான் சொல்லவில்லை.
இனிமேல் படித்துக்கொள்வாள்.

மிஞ்சியிருந்ததைக் கொண்டுவந்தோம்.
ஆரஞ்சு நிறம், கண்ணில் பீளை,
கூரை ஏறாது, யாரையும் கீறாது,
தும்மும்.
கதவில் பாதி உயரத்துக்கு ஒரு கம்பித் தடுப்பு.
அது ஆடல்ல என்று
கபோவுக்குத் தினம் பாடம்,
பாடத்துக்குக் கூலி மாட்டு ஈரல்.
லெங்கா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ
தடுப்பின் இடுக்கில் நுழைந்து வந்து
பச்சைக் கட்டத்தின்மேல்
சிறுநீர் கழித்தது ஆரஞ்சு.

வேறு வழியில்லை, துவைத்தேன்.
வாஷிங் மெஷின் ஓடி முடியும்வரை
அதன் வட்டக் கண்ணாடிக்கு முன்னால்
லெங்கா உட்கார்ந்திருந்தாள்.
எடுத்துக் கொடுத்தேன். வெறும் சோப்பு.
நல்ல கண்ணால் என்னைப் பார்த்தாள்.
பிறகு நடந்துபோய்
ஆரஞ்சின் ஈர மூக்கில் மூக்கை வைத்தாள்.
அது அவள் முகத்திலேயே தும்மியது.
உறுமல் இல்லை.
நடந்தது அவ்வளவுதான்,
கூட்டிச் சொல்ல எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் பொர்வெனீரில் இறங்கினால்
ரொட்டிக் கடைவரை நடக்கிறேன்.
நான்கு ரொட்டி.
கல்லாவுக்குக் கீழே வளைந்த ஒரு வால்
என் கால்சட்டையில் உரசிப் போகும்.
தட்டிவிடாமல் திரும்புகிறேன்.
வாசலில் லெங்கா நிற்பாள்,
ரொட்டிக்கு அல்ல,
முழங்காலுக்கு.