மிச்சக் காற்று

காலை ஏழரைக்கு இயந்திரம் முதலில் கேட்பது
நோயாளியின் பெயரை அல்ல, வானத்தின் எடையை.
நானூற்று எழுபத்தாறு என்று தட்டுகிறேன்.
சரிதானா, மறுபடி பார்க்கவும் என்கிறது திரை.
அதைச் செய்தவர்கள் கடலோரத்துக்காரர்கள்.
சரிதான். இது பொத்தோசி.
இங்கே காற்றுக்கே முக்கால் சம்பளம் கிடையாது.

மூன்று லிட்டர் ஊசிக்குழலை இழுத்துத் தள்ளி
அளவு பார்க்கிறேன். மூன்றுக்கு மூன்று.
கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கிறேன்,
உட்கார்ந்தால் முட்டி இடிக்கும் பெட்டி.

செவெரினோ காயோ, ஐம்பத்தொன்று.
பாறை துளைப்பவர், முப்பத்து மூன்று வருடம்.
தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்றார். இருக்கட்டும் என்றேன்.
கோகா உருண்டையை அடக்கிக்கொண்டு ஊத முடியாது என்றேன்.
கைக்குட்டையில் துப்பி, நான்காய் மடித்து,
பையில் வைத்துக்கொண்டார், பிறகு வேண்டுமே.

ஊதுங்கள், ஊதுங்கள், இன்னும், இன்னும், விடாதீர்கள்!
கோடு துள்ளி எழுந்தது,
உடனே குழிந்தது,
தரையோடு ஊர்ந்து ஊர்ந்து போனது.

"பலமா ஊதலை. இப்போ பாரு."
கழுத்து நரம்பு கயிறாய்ப் புடைக்க ஊதினார்.
அதே கோடு.
நூலிழை மாறவில்லை.

இதை நான் யாருக்கும் சொல்லிப் புரியவைத்ததில்லை:
நெஞ்சு தரும் அழுத்தம் காற்றை மட்டும் தள்ளுவதில்லை,
காற்று போகும் சந்தையும் சேர்த்து நெரிக்கிறது.
சுவர் விறைப்பாய் இருந்தவரை தாங்கியது.
தொய்ந்த சுவரைத்
தள்ளுகிற கையே சாத்திவிடுகிறது.
பலத்தால் மலையைத் திறந்தவரிடம்
பலம் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்ல?

பெட்டிக்குள் அமர்த்திக் கதவை அடைத்தேன்.
ஒலிவாங்கியில் சொன்னேன்:
கன்னங்களைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள்,
நாய் இளைப்பதுபோல் மெல்ல இளையுங்கள்.
நடுவில் குழாய் அடைத்துக்கொள்ளும். இரண்டு நொடிதான்.

"அடைச்சுக்கும்னா?"

"அடைச்சுக்கும்."

"பழக்கம்தான்" என்றார்.

டக்.
எதுவும் போகவில்லை, எதுவும் வரவில்லை.
நெஞ்சு விரிய முயல
வாயில் அழுத்தம் இறங்கியது,
பெட்டியில் இம்மி ஏறியது.
இறக்கமும் ஏற்றமும் திரையில் ஒரு சாய்ந்த கோடு.
ஊதும்போது பொய் சொல்லலாம்;
நிவாரணத்துக்காக மெல்ல ஊதியவர்களைப் பார்த்திருக்கிறேன்,
வேலைக்காக இருமலை விழுங்கியவர்களையும்.
சாத்திய வாயிலில் பொய்க்கு இடமில்லை.

முழுக்க ஊதிய பிறகும் உள்ளே தங்குவது
இவர் உயரத்துக்கு இரண்டு லிட்டர் இருக்கலாம்.
இவரிடம் நாலரை.

வெளியே வந்ததும் கேட்டார்,
"எவ்வளவு காத்து இருக்கு எங்கிட்ட?"

"நிறைய."

முகம் மலர்ந்துவிட்டது.
"அதான் சொன்னேன் டாக்டரம்மாகிட்ட! நிறைய இருக்குன்னு!"

நான் மூச்சு விடவில்லை.
விரிந்தே நிற்கும் நெஞ்சு இனி எங்கே விரியும்?
தட்டையாகிவிட்ட உதரவிதானம் இனி எங்கே இறங்கும்?
நிறைகுடம் தளும்பவில்லை.
மூச்சு என்பதோ தளும்பல்.

தாள் அச்சாகும் வரை பெஞ்சில் இருந்தார்.
உதட்டைக் குவித்து விட்டுக்கொண்டிருந்தார்,
ஒலி வராத சீழ்க்கை.
வாசலில் சிறு தடை வைத்தால்
உள்ளே சந்துகள் சாத்தாமல் நிற்கும்.
நான் கற்றுத்தர வேண்டிய பாடம் அது.
யார் சொன்னது உங்களுக்கு?

"சம்போனியா" என்றார்.
"பாதிச் சுரம் என் குழல்ல, பாதி பாஸ்குவால் குழல்ல.
நான் நிறுத்தினா அவன் ஊதுவான்.
அவன் ஊதற நேரத்துல நான் மீதியை விட்டுடுவேன்."

பாஸ்குவால்?

"எல் ஆல்ட்டோல மினிபஸ் ஓட்டறான். நல்லா இருக்கான், தடியன்."

தாளைப் படிக்காமல் மடித்து
கோகா இருந்த பையிலேயே செருகினார்.
படிக்கட்டில் அவர் இறங்குவதைக் கேட்டேன்:
இரண்டு படி, ஓர் ஊதல்,
பிறகு நிறுத்தம்,
ஊதலைவிட நீளமாய்,
யாரோ ஊதி முடிக்கக் காத்திருப்பதுபோல.